பின்கோடை மடக்குவது எப்படி?

புதுச்சேரி உப்பளத்தில் சாயங்காலம் கரண்ட் போனால் செய்ய ஏற்ற வேலை ஒன்று உண்டு. இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துப் பக்கம் ஏதாவது திண்ணையில் உட்கார்ந்து, நம் பின்கோடு 605001 எந்தெந்த எண்ணால் வகுபடும் என்று பார்ப்பது. தேவையானவை: பின்பக்கம் காலியான பழைய கரண்ட் பில், பேனா, கடைக்குப் போய்வரச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமை. கால்குலேட்டர் கூடாது; ருசி போய்விடும்.

முதலில் இலக்கங்களைக் கூட்டுங்கள். பன்னிரண்டு. ஆக, மூன்றால் போகும், வகுத்தால் 201667. ஒரு துண்டு இவ்வளவு சுலபமாக விழுந்ததே, மீதியும் விழும் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பந்தயம் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன்.

அடுத்து 7, 11, 13. தனித்தனியே வகுத்து மூச்சு வாங்க வேண்டாம். கல்யாணத்தில் மொய் எழுதுகிறோமே 1001 ரூபாய், அது இந்த மூன்றையும் பெருக்கினால் வருவது. அதனால் 201667-ஐ நடுவில் வெட்டி, 667-இல் 201-ஐக் கழித்தால் போதும்: 466. இது மூன்றில் எதனாலும் போகாது. எனவே பெரிய எண்ணும் போகாது. ஒரே கழித்தலில் மூன்று பேர் வெளியே. மொய்யில் அந்த ஒற்றை ரூபாயைச் சேர்த்தவர் கணக்கு வாத்தியாராகத்தான் இருந்திருப்பார்.

இனிக் குறுக்குவழி கிடையாது. பகா எண்களை வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும், 449 வரை. 449-ஐ அதனாலேயே பெருக்கினால் 201601. அடுத்த பகா எண் 457-ஐ அப்படிப் பெருக்கினால் 208849, தாண்டிவிடுகிறது. 2-இலிருந்து எண்ணினால் மொத்தம் 87 பேர்.

19 போடுங்கள், மீதி 1. 29, மீதி 1. 61, மறுபடி மீதி 1. பேனாவை வீசத் தோன்றும். பொறுங்கள். ஒரு வீடு தள்ளியிருக்கும் 201666 என்பது 2, 3, 19, 29, 61 ஐந்தையும் பெருக்கி வருவது. கேட்டவருக்கெல்லாம் கதவு திறக்கிற வீடு அது. நாம் தட்டுவது அடுத்த கதவு.

97 வரும்போது, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தாத்தா அருகில் இருந்தால் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவருக்கு அது நாலு இருபதும் பதினேழும். 'கத்ர் வேன் தீசெத்' என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் மீதி பறந்துவிடும்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் வெட்கப்பட வேண்டாம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட 102 எண்களை 1915-இல் ராமானுஜன் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. இடையில் 293318625600 விட்டுப்போனது. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள்: அந்தக் கடைசி எண்ணே வரும்!

கடைசியாக 449. மீதி 66. முடிந்தது, 201667 பகா எண். எனக்குப் போனது ஒரு டீ, இரண்டு வடை. ஜெயித்த சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர், 605002-உம் எதனாலும் போகாது என்று மறுபந்தயத்துக்குக் கூப்பிடுகிறார். அது இரட்டைப்படை என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.