வெயிலே சாட்சி

கேள்வி: அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நவம்பரில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே, 'இரவில் குளிர்மழை' என்று வானிலை அறிவிப்பு சொல்கிறதே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். அந்த வெயிலே பல நேரம் சாட்சி! வடக்கிலிருந்து குளிர்காற்று நெருங்கும்போது, அதற்கு முன்னால் வீசும் தெற்குக் காற்று மெக்சிகோ வளைகுடாவின் வெப்பத்தையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு வரும். பின்னாலேயே கனத்த குளிர்காற்று அடியில் புகுந்து அந்த ஈரத்தை மேலே தள்ள, மழை கொட்டும். 1911 நவம்பர் 11 அன்று ஓக்லஹோமா சிட்டியில் பகலில் 28 டிகிரி செல்சியஸ். நள்ளிரவுக்குள் மைனஸ் 8. 'எல்லா வெயிலுக்குப் பின்னும் குளிர் வருவதில்லையே' என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் வெயிலை விட்டுவிட்டுக் காற்றைக் கவனிக்கச் சொல்கிறேன். அது சட்டென வடக்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டால், ஸ்வெட்டரைத் தேடக்கூட நேரமிருக்காது. அறிவிப்பை மதிப்பவருக்கு அந்த நேரம் காலையிலேயே கிடைத்துவிடுகிறது.