மாமனார் ஆற்றில் எறிந்த சாவி

இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸ், சொந்த அக்கா மகன் வில்லியமுக்கே பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர். அந்த மாப்பிள்ளை 1688-ல் ஹாலந்திலிருந்து கிளம்பி வந்தார். சீர் வாங்க இல்லை. கூடவே கப்பல் கப்பலாகப் பட்டாளம்!

டிசம்பர் 11, விடியும் முன்பே மாமனார் எஸ்கேப். போகிற போக்கில் அரசாங்கத்தின் பெருமுத்திரையைத் தேம்ஸ் நதியில் வீசிவிட்டுப் போனார். அந்த முத்திரை விழாத ஆணை செல்லாது. ஆகவே முத்திரை போனால் சர்க்காரே போச்சு என்பது ராஜ லாஜிக். என்ன ஆயிற்று? கென்ட் பக்கத்து மீனவர்கள் அவரை யாரோ பாதிரியார் என்று நினைத்துப் பிடித்து வைத்துச் சோதனை போட்டதுதான் மிச்சம். மாப்பிள்ளை ஆட்சிக்குப் புது முத்திரை செய்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

பழைய சாவி போனால் புதுச் சாவி செய்துகொள்வது: ஐ.டி. பாஷையில் இதற்குப் பெயர் 'கீ ரொட்டேஷன்'. கரண்டு இல்லாத காலத்தில் கச்சிதமாக நடந்த இந்தக் காரியம்தான், நம் காலத்து மேதாவிகளுக்கு வரவே மாட்டேன் என்கிறது.

நீங்கள் லாகின் செய்ததும் சர்வர் உங்களிடம் 'குக்கி' என்று ஒரு சீட்டைத் தருகிறது. 'இவர் இத்தனாம் நம்பர் யூசர்' என்று எழுதி, ரகசியச் சாவியால் ஒரு டிஜிட்டல் கையெழுத்து. அடுத்த முறை சர்வர் உங்கள் முகத்தையா பார்க்கப்போகிறது? கையெழுத்து சரியா என்று மட்டும்தான் பார்க்கும். அந்தச் சாவி என் கையில் கிடைத்தால் எனக்குப் பாஸ்வேர்டே வேண்டாம். '1-ம் நம்பர் யூசர்' என்று நானே எழுதி, நானே கையெழுத்தும் போட்டுக்கொள்வேன். 1-ம் நம்பர் யார்? பெரும்பாலும் அட்மின்!

இனி அப்பாச்சி சூப்பர்செட்டின் திருவிளையாடல். கம்பெனிகளின் டேட்டாவைக் கலர் கலராகச் சார்ட் போட்டுக் காட்டும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் நிரலை (கோட்) உலகமே படிக்கலாம். அந்த நிரலுக்குள்ளேயே கையெழுத்துச் சாவியும் இருந்தது. 'இது என் ரகசியச் சாவி' என்ற அர்த்தத்தில், ஆங்கிலத்தில், ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோடு! இன்ஸ்டால் செய்பவர்கள் மாற்றிக்கொள்வார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். எழுதியவர்கள் எல்லாம் யோசித்திருப்பார்கள் என்று இன்ஸ்டால் செய்தவர்கள் நம்பினார்கள். நம்பிக்கைதானே வாழ்க்கை.

2021-ல் ஹொரைசன்3 என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைச் சுட்டிக்காட்டியதும், சூப்பர்செட்காரர்கள் ஓடிவந்து சாவியை மாற்றினார்கள். எப்படித் தெரியுமா? 'என்னை மாற்று, சிக்கலான ரகசியமாக மாற்று' என்பதையே புதுச் சாவியாக வைத்தார்கள். சாவியே வாய்திறந்து கெஞ்சுகிறது! 2023 தொடக்கத்தில் மறுபடி எண்ணினால், இணையத்தில் கண்ணில் பட்ட சுமார் 3,000 சர்வர்களில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி ஊரறிந்த சாவிகளில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகங்கள், அரசு அலுவலகங்கள், பெரிய கம்பெனிகள் என்று சமத்துவம் தாண்டவமாடியது. இன்னும் சிலர் படு சின்சியர். கையேட்டில் 'நீங்களே உருவாக்கிய ரகசியச் சாவி' என்று காலி இடம் விட்டிருந்தார்கள் அல்லவா? அந்த வாசகத்தையே அட்சரம் பிசகாமல் காப்பி அடித்துச் சாவியாக வைத்துக்கொண்டார்கள். பரீட்சையில் 'உன் பெயர்' என்ற இடத்தில் 'உன் பெயர்' என்றே எழுதிய பிள்ளைகள்! கடைசியில் 2.1 பதிப்பில், சாவியை மாற்றாவிட்டால் ஸ்டார்ட்டே ஆக மாட்டேன் என்று மென்பொருளே சத்தியாகிரகத்தில் உட்கார்ந்தது.

வன்பொருள் ஆட்கள் சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே காவல் காக்கும் 'செக்யூர் பூட்'டுக்காக, ஏ.எம்.ஐ. நிறுவனம் ஒரு சோதனைச் சாவியைச் செய்து, அதன் சான்றிதழிலேயே 'நம்பாதே' என்று ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தது. டெல், ஏசர் என்று பெரிய பெரிய பெயர்கள் அதை நம்பி நூற்றுக்கணக்கான மாடல்களில் பதித்து விற்றன. அந்தரங்கச் சாவி நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்கெனவே கசிந்து கிடந்ததை 2024-ல் பைனார்லி என்ற நிறுவனம் கண்டுபிடித்தது. அதைக் காத்த பாஸ்வேர்டு எத்தனை எழுத்து? நான்கு!

ஆனால் இந்த வம்சத்தின் சக்கரவர்த்தி சோனிதான். பிளேஸ்டேஷன் 3-ல் சோனி கையெழுத்துப் போட்ட மென்பொருள்தான் ஓடும். கணக்கு முறை அசல் சிங்கம், யாராலும் உடைக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு கையெழுத்துக்கும் புத்தம்புது ரேண்டம் எண் வேண்டும். சோனி ஒரு எண்ணைப் பிடித்தது, பிடித்ததை விடவில்லை. எல்லாக் கையெழுத்துக்கும் அதே எண்! அப்படியானால் இரண்டு கையெழுத்தை எடுத்துப் பள்ளிக்கூட அல்ஜீப்ரா போட்டால் அந்தரங்கச் சாவி வந்து விழும். 2010 டிசம்பரில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் கோஷ்டி பெர்லினில் மேடை போட்டு இதை விளக்கியபோது, அரங்கம் அதிர்ந்து சிரித்தது.

வில்லியம் மாதிரி புது முத்திரை செய்துவிட வேண்டியதுதானே? முடியாது. சரிபார்க்கும் பகுதி, விற்றுப்போன கோடிக்கணக்கான பெட்டிகளின் வன்பொருளுக்குள் உறைந்து கிடக்கிறது. ஆகவே சோனி ஆபத்பாந்தவனைக் கூப்பிட்டது: வக்கீல். 2011 ஜனவரியில், சாவியை வெளியிட்ட ஹேக்கர் ஜார்ஜ் ஹாட்ஸ் மீது வழக்கு. அந்தச் சாவியை இனி யாரும் பரப்பக் கூடாது!

அடுத்த மாதமே ட்விட்டரில் ஒருவர் பிளேஸ்டேஷன் 3-ன் ரகசியச் சாவி ஒன்றைச் சோனியின் விளம்பர நாயகன் கெவின் பட்லருக்கு அனுப்பினார். பட்லர் கற்பனைப் பாத்திரம். கணக்கை நடத்தியது விளம்பர ஆட்கள். எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஏதோ வந்திருக்கிறதே, ஏதாவது விளையாட்டாக இருக்கும் என்று நினைத்து, 'கப்பலைக் கவிழ்த்துவிட்டீர்களோ?' என்று ஒரு ஜோக்கும் சேர்த்து, முழுச் சாவியையும் தன் ரசிகர்கள் அத்தனை பேருக்கும் ரீட்வீட் செய்தார்கள். பிறகு யாரோ ஓடிவந்து டெலீட் செய்தார்கள். சோனியின் வக்கீல்கள் அந்தக் கணக்குக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பியதாகத் தகவல் இல்லை.