கவுண்டர்த் திணை: தாயில்பட்டி வட்டாரத்தில் வெள்ளிக் காசு தேடல் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் ஆராயப்படாத பொருள் அரிது. ஊறுகாய் முதல் ஊழ்வினை வரை எல்லாவற்றுக்கும் முனைவர் பட்டம் கொடுத்தாயிற்று. ஆயினும் வங்கிக் காசாளருக்கும் நாணயம் சேகரிப்பவருக்கும் இடையே, கண்ணாடித் தடுப்பின் சின்ன ஓட்டை வழியாக நடக்கும் உறவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரைகூட எம் கண்ணில் படவில்லை. அக்குறை தீர்க்கவே இது. ஆய்வு எல்லை: விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையை ஒட்டிய தாயில்பட்டியும், சாத்தூர், சிவகாசி வரையுள்ள பட்டாசு ஊர்களும். ஆய்வு முறை: வரிசையில் நிற்றல்.

காசாளர் குலத்தின் தொன்மையை முதலில் நிறுவுவோம். சங்கக் காலத்தில் நாணயத்தை நோட்டம் பார்த்து நல்லது, செல்லாதது என்று பிரித்தவருக்கு வண்ணக்கன் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று அவர்களில் சிலர் பாடிய பாடல்கள் தொகை நூல்களில் இடம்பெற்றிருக்கின்றன. காசைச் சுண்டிப் பார்த்த கையே ஏட்டிலும் எழுதியிருக்கிறது. அம்மரபில் வந்த இன்றைய காசாளர்களின் படைப்பாக எமக்குக் கிடைத்தது ஒன்றே: ‘சில்லறை இல்லை’. இரண்டு சீர், பொருட்செறிவு மிக்கது, இடைச்செருகல் அற்றது, எல்லாக் கிளைகளிலும் பாடபேதமின்றிக் கிடைக்கிறது.

இனி, வங்கியில் போய் வெள்ளி தேடலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. அங்கே 1964 வரை அடித்த அரை டாலரில் 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் 1970 வரை 40 சதவீதம். அவை இன்றும் செல்லும் என்பதால் வங்கிக்குள் எப்போதாவது வந்து விழுகின்றன. அங்குள்ள சேகரிப்பாளர் கவுண்டரில் போய் அரை டாலர் உருளைகளைக் கேட்டு வாங்கி, வீட்டில் பிரித்து, வெள்ளியைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை இன்னொரு கிளையில் கட்டிவிடுவார். எடுக்க ஒரு கிளை, கொட்ட ஒரு கிளை. நல்ல பிழைப்புத்தான்.

ஆனால் அந்த வெள்ளிக்கு நமக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் உலகப் போரின்போது இந்திய மக்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். அரசுக்கு நாணயம் அடிக்க வெள்ளி போதவில்லை. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து ரூபாயாக மாறியது. இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் 22 கோடி அவுன்சுக்கு மேல் கடன் வாங்கினோம். பிறகு திருப்பிக் கொடுத்தோம். ஆகவே தாயில்பட்டிப் பாட்டி ஒருத்தியின் தகரப்பெட்டியில் துணிமுடிச்சாகக் கிடக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், முற்பிறப்பில் அமெரிக்க டாலராக இருந்திருக்கக்கூடும். அமெரிக்கர் உருளை உருளையாகப் பிரித்துத் தேடுவதில் கொஞ்சம் இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

பாட்டியிடம் இருப்பது வங்கியில் இராதோ எனின், இராது. என்னை? பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் அது பாதிக்குப் பாதியாகக் குறைந்தது. 1947இல் தூய நிக்கல் ரூபாய் வந்தது. பழையவற்றை அரசே திரும்ப வாங்கி உருக்கியது. அரசு விட்டதைப் பத்தர் உருக்கினார். பத்தர் விட்டது பாட்டியிடம். நல்ல காசை வீட்டில் வைத்துக்கொண்டு மட்டமானதைக் கடையில் தள்ளிவிடுவது மனித இயல்பு என்பதைப் பொருளியலார் கிரெஷாம் விதி என்பார்கள். எம் வட்டாரத்தில் அதற்குப் பெயர் கிடையாது. எல்லாரும் செய்வதற்கு எதற்குப் பெயர்?

சேகரிப்பாளரின் மனத்தில் இருக்கும் பட்டியலோ நீளமானது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மார்பில் தொங்கிய யானை உருவம் பன்றியைப் போல இருக்கிறது என்று கண்டனம் எழுந்து, அச்சு மாற்றப்பட்டது. அந்தப் ‘பன்றி ரூபாய்’ வேண்டும். 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது, அதுவும் வேண்டும். இவற்றைக் கவுண்டரில் கேட்பவர் உண்டா எனின், உண்டு. அவருக்குப் பின்னால் நின்று கேட்டோம்.

சுதந்திரத்துக்குப் பின் வந்ததில் ஓரளவு நம்பிக்கை தரக்கூடியது 1969இன் காந்தி நூற்றாண்டு 10 ரூபாய்: 15 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி. இங்கே ஓர் ஆராய்ச்சிச் சிக்கல். யாராவது அதை அறியாமல் கொண்டுவந்து இன்று கவுண்டரில் நீட்டினால் என்ன ஆகும்? ‘பத்து ரூவா காயின் வாங்குறதில்லீங்க’ என்ற பதிலே கிடைக்கும் என்பது எம் துணிபு. தென் மாவட்டங்களில் 10 ரூபாய் நாணயம் படும் பாடு உலகறிந்தது. புழக்கத்திலுள்ள பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. பெட்டிக்கடை அண்ணாச்சி அவ்வறிக்கையை இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே எம் வட்டாரத்துத் தேடல் வெள்ளியில் தொடங்கி நிக்கலில் முடிகிறது. விருதுநகரில் பிறந்த காமராசரின் நூற்றாண்டுக்கு ஒரு 5 ரூபாய் நாணயம் வந்தது. 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வள்ளுவர் வந்தார். அண்ணா தம் தமிழ்க் கையெழுத்தோடு வந்தார். இவை போக, ஆண்டின் கீழே உள்ள குறியைப் பார்க்கும் நுண்மாண் நுழைபுலத்தார் இருக்கிறார்கள். நட்சத்திரம் ஹைதராபாத், வைரம் மும்பை, புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. (1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதே ஊரில் நாணயச் சாலையும் இருந்தது. அந்தப் பக்கம் நடந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.)

களத்துக்கு வருவோம். ஐந்திணையுள் அடங்காத இதைக் கவுண்டர்த் திணை எனக் கொள்க. நிலம், கரிசல். பெரும்பொழுது, தீபாவளி முன்பணம் புரளும் மாதங்கள் நீங்கலாக ஆண்டு முழுதும். சிறுபொழுது, காலை பத்தரைக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் இடைப்பட்டது. வாரக் கூலி பட்டுவாடாவுக்காக ஆலைக்காரர்கள் பணம் எடுக்க நிற்கும் நாளை விலக்குக. வெள்ளி தேடுவோர் வெள்ளிக்கிழமை போகலாகாது. தெய்வம், சர்வர், அது அருள் செய்யாத நாளில் பூசையே இல்லை. பறை, நோட்டு எண்ணும் மெஷின். உரிப்பொருள், இருத்தலும் இருத்தல் நிமித்தமும். முல்லைக்குரியதை இங்கே கொணர்ந்தது குற்றமாகாதோ எனின், ஆகாது. முல்லையில் போன தலைவன் திரும்பி வந்துவிடுவான், இங்கே சாப்பிடப் போனவர் அப்படி வருவார் என்பதற்கு உறுதி இல்லை.

இத்திணையின் தலையாய உரையாடலைக் கேட்டபடியே தருகிறோம்.

“மேடம், அஞ்சு ரூவா காசு ஒரு பை வேணும்.”

“கோயில் கொடையா?”

“இல்லீங்க மேடம்.”

“கடை வச்சிருக்கீங்களா?”

“இல்லை, லேபிள் பிரஸ்ல வேலை பாக்குறேன்.”

“பின்ன எதுக்கு?”

“சும்மா பாக்குறதுக்கு.”

இந்தக் கடைசி விடையில்தான் ஆட்டம் கெடுகிறது. காசு கேட்பவன் சில்லறை மாற்றுவான், உண்டியலில் போடுவான், மொய் எழுதுவான். பார்ப்பான் என்பதற்குக் காசாளரின் அகராதியில் இடமில்லை. அவர் மேனேஜர் அறையைத் திரும்பிப் பார்க்கிறார். வரிசையில் நிற்கும் ஒருவர், “இவரு கள்ளக்காசு பாக்குற ஆளு போல” என்கிறார். ஒரு வாரம் கழித்து அதே நபர் அதே பையைத் திருப்பிக் கட்ட வந்தால் ஐயம் உறுதியாகிவிடும். எடுத்த கிளையில் கொட்டாதே என்ற அமெரிக்கச் சூத்திரம் இங்கேயும் பொருந்தும். தாயில்பட்டியில் எடுத்தால் சாத்தூரில் கட்டுக. பேருந்தில் பையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் ஆய்வாளர் பொறுப்பல்ல.

இனி எம் முடிபு. கிளைக்கு வருபவர் எல்லாரும் சில்லறையைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்; கேட்டு வாங்குகிற ஒரே பிறவி சேகரிப்பாளர். நாணயத்தைக் கவுண்டர் வழியாக வினியோகிக்கும் வங்கிக்கு ரிசர்வ் வங்கி ஊக்கத்தொகை தருகிறது. ஒரு பைக்கு 25 ரூபாயாக இருந்ததை 2021 செப்டம்பர் முதல் 65 ஆக்கினார்கள்; கிராமம், சிறுநகரம் என்றால் மேலும் 10. ஆக, தாயில்பட்டி போன்ற கிராமத்தில் ‘சும்மா பாக்குறதுக்கு’ ஒரு பை வாங்குபவர் வங்கிக்கு 75 ரூபாய் ஈட்டித் தருகிறார். அவருக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தாலும் கையிருப்பு மிஞ்சும். வாசல் செக்யூரிட்டி அவரையே உற்றுப் பார்க்கிறார்.

வெள்ளிக்கு எம் வட்டாரத்தில் தனித் தகுதி ஒன்று இருப்பதையும் பதிவு செய்ய வேண்டும். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்பு ஆகாது, தீப்பொறி வரும். மரமும் பித்தளையும்தான் கருவி. இன்று நம் கையில் புழங்கும் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் துருப்பிடிக்காத எஃகு. காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டும். விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாய் ஒட்டாது. பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் பட்டாசு ஊர்களுக்கு ஏற்ற நாணயம் வெள்ளியே. இப்பரிந்துரையை யாருக்கு அனுப்புவது, நிதி அமைச்சகத்துக்கா வெடிபொருள் துறைக்கா என்பதை மேலாய்வுக்கு விட்டுவிடுகிறோம்.

இப்போதும் அரசு வெள்ளி நாணயம் அடிக்கத்தான் செய்கிறது. 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்ட கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தில் பாதி வெள்ளி. எடை 35 கிராம். ஆனால் இவை புழக்கத்துக்கு வருவதில்லை. நாணயச் சாலை முகமதிப்புக்குப் பல மடங்கு விலை வைத்துத் தனியே விற்கிறது. அதைக் கேட்டுக் கவுண்டரில் நிற்பவரிடம் ‘இங்க வராதுங்க’ என்று காசாளர் சொன்னால், அந்த ஒரு முறை அவர் சொல்வது முழு உண்மை.

தாயில்பட்டி வட்டாரக் காசாளர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறோம். பை பிரிக்கும்போது காமராசர் 5 ரூபாய் கண்ணில் பட்டால் மேசை இழுப்பறையில் தனியே போட்டு வையுங்கள். நேரில் வந்து முகமதிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்து மீதி கேட்க மாட்டோம், நோட்டாகவே தருவோம்.