மம்மு: ஒரு பிறப்பியல் ஆய்வு

குழந்தைக்குச் சோறூட்டுதல் பற்றித் தமிழில் முறையான ஆய்வு நிகழவில்லை. ஊட்டியவர்களுக்கு எழுத நேரமில்லை, எழுதியவர்கள் ஊட்டியதில்லை. புறநானூறு 188-இல் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொண்ட குழந்தையை வியக்கிறார். அந்தத் துணியைத் துவைத்தது யார் என்பதில் உரையாசிரியர்கள் மௌனம். இக்குறையைப் போக்கவே, சட்டைக் காலரில் காய்ந்த கேழ்வரகுக் கூழுடன் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

காலம்: உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஆறு மாதம் நிறையட்டும் என்றது. பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதம்தான் என்பது பாட்டி (வாய்மொழி). ஆறு நிறைந்தால் ஏழு நடப்பு என்பதால், எங்கள் வீட்டில் இரு தரப்பும் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

உப்பு, சர்க்கரை, தேன்: ஒரு வயதுவரை கூடாது. இதைப் பெரியம்மாவிடம் சொல்லவும் கூடாது.

கருவிகள்: கிண்ணம், கரண்டி, காக்காய்.

இனி மையப் பொருள். ஊட்டுபவர் 'ஆ' என்கிறார். வாயை அங்காந்தால் பிறக்கும் எழுத்து அது என்கிறது தொல்காப்பியப் பிறப்பியல். ஆகவே 'ஆ' என்பது கட்டளையன்று, செய்முறை விளக்கம். அந்த எழுத்தும் ஆகாரம், கிண்ணத்தில் இருப்பதும் ஆகாரம்! இதைக் கண்டுகொள்ளாமலே எத்தனை பேர் முனைவர் ஆகிவிட்டார்கள்!

ஆனால் திறப்பது ஊட்டுபவர் வாய் மட்டுமே. நேற்று பருப்புச் சாதத்தைப் பிசைந்து நீட்டிய மாமியாரின் வாய் திறந்தது. வேடிக்கை பார்த்த மாமனார் வாய் திறந்தது. சிலிண்டர் கொண்டுவந்தவர் வாயும் திறந்தது. குழந்தை மூன்று வாய்களையும் நிதானமாகப் பார்வையிட்டது. தன் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே வைத்ததை நாக்கு வெளியே தள்ளுவது அனிச்சைச் செயல், நாலு முதல் ஆறு மாதத்துக்குள் மெல்லக் குறையும் என்பார் மருத்துவர். இலக்கணம் படியாதார் கூற்று இது. வாயே திறக்காததற்குக் காரணம் 'மம்மு' என்ற சொல். மகரம் இதழ் இரண்டும் கூடினால்தான் பிறக்கும், அதே பிறப்பியல். ஒரு சொல்லில் மூன்று மகரத்தை அடுக்கிவிட்டு வாயைத் திற என்பது, கதவைச் சாத்திவிட்டு 'உள்ளே வாங்க' என்பது போலத்தான். குழந்தை இலக்கணப்படி நடக்கிறது (விரிவுக்குக் காண்க: சித்தப்பா, 'மகரமும் மம்முவும்', தூளியோரச் சொற்பொழிவு, கேட்டவர் இருவர், அதில் ஒருவர் உறக்கம்). 'பப்பு' என்று மாற்றலாமே என்ற அத்தையின் திருத்தம் (மாடிப்படிப் பதிப்பு, துணி காயப்போடும்போது கூறியது, பின்னர் அவராலேயே மறுக்கப்பட்டது) செல்லாது, பகரமும் இதழெழுத்தே. 'சோச்சி' என்று சொல்லிப் பார்த்தோம். சகரத்துக்கு இதழ் கூட வேண்டியதில்லை. குழந்தை உடனே வாயைத் திறந்தது. கொட்டாவி.

மறுக்க விரும்பும் பேராசிரியர்கள் ஒரு பிடி ஊட்டிவிட்டு எழுதட்டும். எழுதமாட்டார்கள், பெயர் சொல்லாமல் எடுத்தாள்வார்கள்.

'ஆ' பற்றிய பத்தியை உரக்கப் படித்தவர்கள் இனி வாயை மூடிக்கொள்ளலாம்.