குளிருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

ஊட்டி அருகே கிளென்மார்கனின் தண்ணீர் கீழே சிங்காராவின் நிலத்தடி மின்நிலையத்துக்கு இறங்கி 150 மெகாவாட் தருகிறது. மேலே சத்தமே கேட்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டிக்கியில் இரண்டு சப்வூஃபரோடு கார்கள் மலையேறி வருகின்றன.

ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் பேட்டரியிடம் 80 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஒவ்வொரு 'டும்'முக்கும் ஹெட்லைட் மங்கும். பனிமூட்டத்துக்கு ஏற்ற ஏற்பாடு! 4 ஓம் சப்வூஃபர் இரண்டைப் பேரலலில் இணைத்தால் 2 ஓம். 4 ஓமுக்குக் கீழே தாங்காத ஆம்ப்ளிஃபயர் கொதிக்கும். ஊட்டிக் குளிரில் அதைக் குறையென்று சொல்வானேன்?

தம்பி, பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் வயர் கார் பாடியில் உரசினால் தீப்பிடிக்கும். அப்போது ஓட வேண்டியது தேயிலைச் சரிவில்.