மடியிலே பூனை இருக்கட்டும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூனைக்குட்டிகள் பற்றியவை. ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கத்து வாசகர்கள் எழுதியவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் வேறு வேறு, கவலை ஒன்றுதான்: தெருவில் பிறந்த குட்டியைச் சில வாரம் வைத்திருந்து, மனிதர்களோடு பழக்கி, நல்ல வீடாகப் பார்த்து எப்படி அனுப்புவது?

கேள்வி: எங்கள் பீங்கான் பட்டறையில், பொம்மை பேக்கிங்குக்கு வைத்திருக்கும் வைக்கோலுக்குள் பூனை ஒன்று நாலு குட்டி போட்டிருக்கிறது. மனுஷக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார்கள். தொடலாமா? (விருத்தாசலம்)

பதில்: உடையக்கூடிய சரக்கை எங்கே வைப்பது என்று அந்தப் பூனைக்கும் தெரிந்திருக்கிறது!

கை பட்ட வாசனைக்காக எந்தத் தாய்ப்பூனையும் குட்டியைக் கைவிடாது. ஆனால் டீ நேரத்துக்கெல்லாம் ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தால், இடம் சரியில்லை என்று வேறெங்காவது தூக்கிப் போய்விடும். ஆகவே முதல் இரண்டு வாரம் தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது இரை தேடப் போன நேரத்தில், அநாதைக் குட்டிகள் என்று அள்ளிக்கொண்டு ஓடாதீர்கள். தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள்.

தாய் உண்மையிலேயே இறந்திருந்தால் முதல் தேவை சூடு. பால் அப்புறம்தான். மூன்று, நான்கு வாரம் வரை குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது. வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடான பிறகு, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுங்கள். பசும்பால் பேதியாக்கும், அந்த வயதில் பேதி உயிரையே எடுத்துவிடும். குட்டியைக் குழந்தைபோல் மல்லாத்திப் பிடித்தும் ஊட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குள் போகும். தாயிடம் எப்படிக் குப்புறக் கிடந்து குடிக்குமோ அப்படியே குடிக்கட்டும்.

கேள்வி: பரீட்சை முடிந்ததும் குட்டிகளைப் பழக்க ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே? (பீங்கான் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர், விருத்தாசலம்)

பதில்: பரீட்சையை எழுதுங்கள், குட்டியையும் தள்ளிப் போடாதீர்கள். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் மனிதர்களை நம்பலாமா கூடாதா என்பதைப் பூனைக்குட்டி தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் இதை ஆராய்ந்தார். நாளுக்கு 15 நிமிடம் கையாளப்பட்ட குட்டிகளைவிட, 40 நிமிடம் கையாளப்பட்டவை மனிதர்களோடு அதிகம் ஒட்டிக்கொண்டன. நாற்பது நிமிடத்தை ஒரே மூச்சில் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு பாடத்துக்கு நடுவே பத்து நிமிடம் போதும்.

அதற்கு முன்பே, 1967-ல் வந்த இன்னோர் ஆய்வு, ஒருவர் மட்டுமே தூக்கிய குட்டிகளைவிட ஐந்து பேர் தூக்கிய குட்டிகள் புது ஆட்களுக்கு மிகக் குறைவாகவே பயந்தன என்று காட்டியது. ஆகவே தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா, மீசை வைத்த மாமா, சைக்கிளில் வரும் நண்பன் என்று எல்லோரையும் கூப்பிடுங்கள். உங்களிடம் மட்டும் ஒட்டிக்கொண்ட குட்டி புது வீட்டில் பீரோவுக்குப் பின்னால்தான் குடியிருக்கும்.

ஏழு வாரம் தாண்டிவிட்டதா? பச்சை மண்ணுக்கும் சுட்ட மண்ணுக்கும் நடுவே பாதி காய்ந்த மண் என்று ஒரு நிலை உண்டு என்பது உங்களுக்குப் பாடம். எட்டு, பத்து வாரக் குட்டி அந்த நிலையில் இருக்கிறது. மெதுவாக வேலை செய்தால் வளைந்து கொடுக்கும். நாலைந்து மாதம் வரை மனிதரையே பார்க்காமல் வளர்ந்ததை வீட்டுக்குள் அடைப்பது அதற்குத் தண்டனை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அது வாழ்ந்த இடத்திலேயே விட்டு, சாப்பாடு வையுங்கள்.

கேள்வி: கிட்டே போனாலே சீறுகிறது. இரண்டு உள்ளங்கை அளவுகூட இல்லை, இவ்வளவு கோபமா? (ஸ்ரீமுஷ்ணம்)

பதில்: கோபமே இல்லை, அத்தனையும் பயம். நீங்கள் அதைவிட இருநூறு மடங்கு எடை. அது சீறாமல் என்ன செய்யும்?

சின்ன அறையாகப் பாருங்கள், குளியலறைகூடப் போதும். கட்டிலும் பீரோவும் இருக்கும் அறை வேண்டாம். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், ஒளிய இடமே இல்லாவிட்டால் பயம் கூடும். தரையில் உட்காருங்கள், அதைப் பார்க்காதீர்கள். செய்தித்தாளைச் சத்தமாக வாசியுங்கள். உங்கள் குரல் பழகட்டும், செய்தி எதுவானாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுத் தட்டை நாள் முழுக்க நிரப்பி வைத்தால் உங்களுக்கு என்ன மரியாதை? பட்டினி போடச் சொல்லவில்லை. நாளுக்கு நாலு வேளை கொடுங்கள், நாலு வேளையும் கூடவே இருங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேராமல் வேகவைத்த கோழியை மசித்து நீளக் கரண்டியின் நுனியில் நீட்டுங்கள். கரண்டியை நக்கத் துணிந்த குட்டி சீக்கிரமே விரலை நக்கும். அது சாப்பிடும்போது தோளை ஒரு விரலால் தொடுங்கள். பிறகு கன்னம், பிறகு தாடை. தலைக்கு மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்துபோல் தெரியும், கீழிருந்தே போங்கள். கொஞ்சம் அடங்கியதும் துண்டில் தளர்வாகச் சுற்றி மார்போடு வைத்துக்கொள்ளுங்கள். திமிறுவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

விளையாட நூலில் கட்டிய துணி போதும், விளையாடி முடிந்ததும் நூலை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கிவிடும். கையை மட்டும் விளையாட்டுப் பொருளாக ஆக்காதீர்கள். 400 கிராம் குட்டி விரலைக் கடித்தால் வீடே சிரிக்கும். அதுவே 4 கிலோ ஆகிப் புது வீட்டுக் குழந்தையைக் கடித்தால் மறுநாளே உங்கள் வாசலில் திரும்ப நிற்கும்.

கேள்வி: தாய்ப்பூனை பிடரியைக் கவ்வித்தானே தூக்குகிறது? நாங்களும் அப்படித் தூக்கினால் என்ன? மார்ஜார நியாயமே இருக்கிறதே! (சன்னதித் தெரு வாசகி, ஸ்ரீமுஷ்ணம்)

பதில்: பூவராகர் சன்னதித் தெருவிலிருந்து இந்தக் கேள்வி வராமல் வேறெங்கிருந்து வரும்! பிள்ளை லோகாச்சாரியார் வழிவந்த தென்கலையார் சரணாகதிக்குப் பூனைக்குட்டியை உவமை சொல்வார்கள்: குட்டி ஒன்றும் செய்யாது, தாயே கவ்விக்கொண்டு போகும். வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையார் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள்: குட்டியும் தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும்.

பிடரியைக் கவ்வும் உரிமை தாய்க்கு மட்டும்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதன் பல்லுக்குத் தெரியும், நம் விரலுக்குத் தெரியாது. குட்டி வளர வளர அந்தப் பிடி வலிக்கும், பயமுறுத்தும். ஒரு கை மார்புக்கடியில், இன்னொரு கை பின்புறத்துக்கடியில் என்று முழு எடையையும் தாங்கித் தூக்குங்கள். தூக்குவதைவிட முக்கியமானது ஒன்று: பழக்கும் விஷயத்தில் பூனைக்குட்டி வடகலை. அது தானாக நடந்து வந்து, உங்கள் புடவையைப் பற்றி, மடியில் ஏற வேண்டும். அப்படி ஏறிய ஒரு தடவை, நீங்கள் பிடித்து உட்கார வைத்த பத்துத் தடவைக்கு மேல்.

கேள்வி: பூனை கண்ணை மூடினால் உலகமே இருண்டுவிடுமா? (கல்லூரி மாணவி)

பதில்: இருளாது, உறவு பிறக்கும். பூனை உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தால், பதற்றம் இல்லாமல் இருக்கிறது என்று பொருள். நீங்களும் அப்படியே செய்யலாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மெல்லக் கண் சிமிட்டிக் காட்டிய மனிதருக்குப் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டின, அறிமுகமில்லாதவராக இருந்தாலும் அவர் நீட்டிய கையை நோக்கி வந்தன. முறைத்துப் பார்ப்பதுதான் அதன் உலகில் மிரட்டல்.

கேள்வி: மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக்குப் புறப்படும்போது ஊரே அதிரும். குட்டிகள் தாங்குமா? (ஸ்ரீமுஷ்ணம்)

பதில்: இப்போதே தயார் செய்யுங்கள். அடுத்த அறையில் போனில் நாதஸ்வரம், தவில் வையுங்கள், மிகக் குறைந்த சத்தத்தில், அவை சாப்பிடும் நேரத்தில். தட்டிலிருந்து தலையைத் தூக்கி, பிறகு திரும்பக் குனிந்தால் சரியான அளவு. சாப்பாட்டை விட்டு ஓடினால் குறையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். குக்கர் விசில், மிக்ஸி, கிரைண்டர், ஆட்டோ எல்லாமே இப்படித்தான். திருவிழா அன்று மட்டும் பழக்கும் வேலை வேண்டாம். ஜன்னல் சாத்திய உள்ளறை, ஒளியப் பெட்டி, தண்ணீர், மணல் தட்டு. நீங்கள் போய்ப் பெருமாளைச் சேவித்து வாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. தயிர்சாதத்தில் வளர்க்கலாமா? (ஸ்ரீமுஷ்ணம்)

பதில்: முடியாது, அம்மா. டாரின் என்ற சத்தைப் பூனை தன் உடம்பில் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. மீனிலும் இறைச்சியிலும்தான் அது கிடைக்கும். கிடைக்காவிட்டால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயநோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கலிபோர்னியா ஆய்வாளர்கள் 1987-ல் நிறுவினார்கள். பாக்கெட்டில் வரும் குட்டி உணவுக்குச் சமையல் தேவையில்லை, கொல்லைப்புறத்தில் வைத்துக் கொடுக்கலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் பக்கத்து வீட்டில் குட்டி இருக்கட்டும். நீங்கள் தினமும் போய் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குட்டிக்கு ஐந்து பேர் வேண்டுமென்றேனே, அதில் நீங்கள் ஒருவர்.

கேள்வி: பட்டறையில் மீந்த உலர்ந்த களிமண் தூளை மணலுக்குப் பதில் போடலாமா? (விருத்தாசலம்)

பதில்: வேண்டாம். அந்தத் தூசு உங்கள் நுரையீரலுக்கே ஆகாது, குட்டிக்கு எப்படி ஆகும்? ஆழமில்லாத தட்டில் சலித்த ஆற்று மணல் போதும். பட்டறையிலிருந்து எதையாவது எடுத்து வரத்தான் வேண்டுமென்றால், சாப்பாட்டுக்குக் கனமான, வாயகன்ற பீங்கான் தட்டு கொண்டு வாருங்கள். குட்டி காலை வைத்தாலும் கவிழாது. பொம்மைக்கு அடிக்கும் பெயிண்ட் பூசிய தட்டு மட்டும் கூடாது.

கேள்வி: என் பையனைக் குட்டி லேசாகக் கீறிவிட்டது. மஞ்சள் வைத்தேன். போதும்தானே?

பதில்: போதாது. இன்றே கிளம்புங்கள். கீறிய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப் போங்கள். வெறிநோய்க்கு நாய் மட்டும் காரணமில்லை, பூனையும்தான். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு மருந்து கிடையாது, முன்பே போட்டால் ஊசி காக்கும். சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

கேள்வி: மருமகள் முழுகாமல் இருக்கிறாள். குட்டிகளை உடனே வெளியே விடச் சொல்கிறார்கள்.

பதில்: விட வேண்டாம். பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. அது பூனையின் மலத்தில் வரும், வந்தபின் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் பெரும்பாலான ஆபத்து அங்கேயே முடிந்தது. மாமனார் செய்யட்டும். மருமகள் தோட்ட மண்ணைத் தொட்டால் கை கழுவட்டும், கறியை நன்றாக வேகவைக்கட்டும், காய்கறியை அலசட்டும். மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: நாலில் ஒன்று கன்னங்கறுப்பு. யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தானாம் என்று பழமொழியே சிரிக்கிறது. முதலில் மடியில் கொடுத்துவிடுங்கள், நிறத்தைப் பிறகு பேசலாம். வருகிறவர் கையில் முதலில் ஏறுவது உங்கள் வீட்டில் அதிகம் பழகிய குட்டியாகத்தான் இருக்கும். அது இந்தக் கறுப்பாக இருக்கும்படி, மற்றவற்றைவிட இதற்குக் கூடுதலாகக் கால்மணி நேரம் கொடுங்கள்.

கேள்வி: ஐந்து வாரத்திலேயே கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா? கொடுக்கவும் மனசு வரவில்லை. (ஸ்ரீமுஷ்ணம்)

பதில்: ஐந்து வாரத்தில் கொடுக்காதீர்கள். மனிதரோடு பழக வேண்டிய வாரங்கள் இவை என்பதற்காகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயும் உடன்பிறப்புகளும்தான் கற்றுக்கொடுக்கும். பின்லாந்தில் கிட்டத்தட்ட 6000 பூனைகளைப் பற்றி 2017-ல் வந்த ஆய்வு, எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்டவற்றில் முரட்டுத்தனம் அதிகம் என்று கண்டது. பன்னிரண்டு வாரம் வரை வைத்திருக்க முடிந்தால் மிக நல்லது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. கால்நடை மருத்துவரிடம் தேதி குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்கிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? கருத்தடை செய்வீர்களா? பெண்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும். 'பிறந்தநாள் பரிசாக, அவளுக்கே தெரியாமல்' என்பவருக்குக் கொடுக்காதீர்கள். முடிந்தால் இரண்டிரண்டாகக் கொடுங்கள். தாயின் வாசனை உள்ள துணி ஒன்றைக் கூடையில் வையுங்கள். புது வீட்டில் முதல் சில நாள் ஒரே அறையில் வைக்கச் சொல்லுங்கள்.

யாரும் கேட்காத குட்டியைச் சந்தையிலோ மண்டபத்திலோ விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பசியில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற இடங்கள் செய்யும் வேலையை, உங்கள் ஊரில் உங்கள் திண்ணை செய்துகொண்டிருக்கிறது.

மனசு வராததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நாலையும் நீங்களே வைத்துக்கொண்டால், அடுத்த வைக்கோல் கட்டிலிருந்து வரும் நாலுக்கு இடம் இருக்காது. தாய்ப்பூனை பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். குட்டிகள் பால் மறந்ததும் முதலில் அதற்குக் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: கடைசியாக, பூனைக்கு யார் மணி கட்டுவது?

பதில்: யாரும் கட்ட வேண்டாம். ஓயாத மணிச் சத்தம் அதற்கு இம்சை, இறுக்கமான கழுத்துப்பட்டி கம்பியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. அடையாளம் வேண்டுமென்றால், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டியாக வாங்கி, அதில் புது வீட்டாரின் போன் நம்பரை எழுதுங்கள்.