எங்க லிமிட்ல வராது

முழங்காலில் மஞ்சள் பத்தோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலை ஆறரைக்குப் பால் வாங்கப் போனேன். எங்கள் நகராட்சி புதிதாகப் போட்ட சைக்கிள் பாதை முடிகிற இடத்தில் சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை.

பச்சை பெயின்ட் அடித்து, வெள்ளையில் சைக்கிள் படம் போட்ட பாதை. முந்நூறு அடி ஜம்மென்று போகும். பிறகு அரையடிப் பள்ளம், ஜல்லி. நாற்பதடி தள்ளி, பக்கத்து ஊராட்சியின் பேவர் பிளாக் நடைபாதை ஒன்றுமே தெரியாததுபோல் ஆரம்பிக்கும். இந்த நாற்பதடிக்குச் சல்லிசாக ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வருகிறேன்.

நொண்டிக்கொண்டே நகராட்சி ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். “அது எங்க லிமிட்ல வராது சார்.” ஊராட்சியில் கேட்டேன். “நம்ம லிமிட் அந்தப் புளியமரத்தோட முடிஞ்சிருதுங்களே.” அந்தப் புளியமரத்தை வெட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

இந்த லிமிட் விவகாரத்தை ஒழுங்காக நிர்வாகம் செய்பவை நாய்கள்தான். டீக்கடையிலிருந்து மூன்று நகராட்சி நாய்கள் என்னைத் துரத்தும். பள்ளத்துக்குப் பத்தடி முன்பு வேகத்தைக் குறைக்கும். எதிர்ப்பக்கம் இரண்டு ஊராட்சி நாய்கள் தயாராக நிற்கும். ஒரு குரைப்புகூட விடுபடாமல் என்னை ஒப்படைத்துவிட்டு இவை திரும்பிவிடும். கையெழுத்து, சீல், மூன்று நகல் எதுவும் கிடையாது. முதல் இருபதடி இவற்றுக்கு, அடுத்த இருபதடி அவற்றுக்கு. திரும்பி வரும்போது அவை கொடுக்கும், இவை வாங்கிக்கொள்ளும். ஒருநாள் நகராட்சித் தரப்பில் ஒருவரும் வரவில்லை. ஊராட்சிக் கறுப்பன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கூடுதல் பொறுப்பாக அவனே டீக்கடைவரை என்னைத் துரத்திக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். மார்கழியில் மட்டும் அவற்றுக்கு வேறு அலுவல் வந்துவிடும். மற்ற மாதங்களில் லீவே கிடையாது.

நாயை விட்டு மேலே போகலாம். ஆனால் இன்னொன்று சொல்லாமல் முடியாது. வெட்டிய புளியமரம் இருந்த இடம் அவற்றுக்குத் தெரியும். இல்லாத மரத்தடியில் இன்றைக்கும் போய்க் காலைத் தூக்குகின்றன. சர்வேயரைக் கூப்பிட்டுச் சங்கிலி பிடித்து அளந்தாலும் இந்தத் துல்லியம் வராது.

நடக்கிறவர்கள் பாடும் இதுதான். நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012 வழிகாட்டி சொல்கிறது. எங்கள் தெருப் பிளாட்பாரத்தில் ஏற வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும். ஏறினால் பத்தடியில் டிரான்ஸ்ஃபார்மர். இறங்கி ஏறினால் இஸ்திரி வண்டி. மறுபடி இறங்கி ஏறினால் மாவு மில்காரரின் பெயர்ப்பலகை. அதனால்தானே நீங்களும் நானும் பிளாட்பாரத்தை ஒட்டினாற்போல ரோட்டிலேயே நடக்கிறோம், ஹாரன் அடிப்பவனைத் திரும்பி முறைக்கிறோம். என் வீட்டு வாசல் சரிவு அதே பிளாட்பாரத்தில் நாலடி நீட்டிக்கொண்டிருப்பது வேறு விஷயம். ஸ்கூட்டர் ஏற வேண்டாமா?

அப்பா காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். விளக்கு இல்லாவிட்டாலும் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். வில்லை இல்லாமல் வருகிறவனை மடக்க ஊர் எல்லையிலேயே ஆள் நிற்பான் என்பார் அப்பா. வசூல் என்றபோது எல்லை எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது வரி இல்லை. சைக்கிளே சும்மா கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசாங்கமே தருகிறது. கொள்கைக்கும் குறைவில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒன்று வகுத்தது. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. சைக்கிள் இருக்கிறது, கொள்கை இருக்கிறது, இந்த நாற்பதடிதான் இல்லை. எட்டரை மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். அந்த அரசாங்க சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பெண்கள் பள்ளத்தருகே இறங்கி, பையும் சாப்பாட்டுக் கூடையுமாக ஜல்லியில் தள்ளிக்கொண்டு, பின்னால் வரும் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, அந்தச் சல்லிசான வழி. அதற்கு முதலில் இரண்டு லோடு கிராவல்...

உள்ளே இருந்து குரல் வருகிறது. காலையில் வாங்கப் போன பால் எங்கே என்கிறாள். ஸ்கூட்டர் சாவியை எங்கே வைத்தேன்?